பொன்முடிச் சாலையில் ஸ்பானிஷ்

வித்துரா என்றதும் திருவனந்தபுரத்துக்காரர்களுக்குப் பொன்முடிதான் நினைவுக்கு வரும். தம்பானூரில் பேருந்து ஏறி, நெடுமங்காடு தாண்டி, மேலே இருக்கும் 22 கொண்டை ஊசி வளைவுகளை மனத்தில் வைத்துக்கொண்டு இந்த ஊரைக் கடந்து போய்விடுவார்கள். எனக்கு வித்துராவே போதும். இங்கிருந்து ஒரு சாலை கல்லாறு வழியாகப் பொன்முடிக்கு ஏறுகிறது; இன்னொன்று பேப்பாறைக் காட்டை ஒட்டிப் போணக்காட்டுக்குப் போகிறது. போணக்காட்டுக்கு அப்பால் 1868 மீட்டர் உயரத்தில் அகஸ்தியர்கூடம். தமிழுக்கு இலக்கணம் தந்தவர் என்று நாம் கொண்டாடும் முனிவரின் மலை. வடக்கேயிருந்து வந்து தமிழைக் கற்றுக்கொண்டவர் அவர் என்பதுதான் அந்தக் கதையில் எனக்கு மிகவும் பிடித்த இடம்.

இந்த முறை நான் அங்கே போனது ஸ்பானிஷ் மட்டுமே சரளமாகப் பேசுகிற ஒருவரோடு. கொலம்பியாவின் காப்பி விளையும் மலைப்பகுதியில் பிறந்த தாவரவியல் ஆசிரியை அவர். பாலோட்டில் உள்ள வெப்பமண்டலத் தாவரவியல் பூங்காவைப் பார்க்க வந்திருந்தார். அவருடைய ஊரில் மாணவர்கள் ஆசிரியரை 'ப்ரோஃபே' என்று அழைப்பார்கள். நானும் அப்படியே அழைத்தேன். வித்துராவில் இறங்கியதிலிருந்து எல்லோருக்கும் அவர் டீச்சர்.

என் கையில் இருந்தது தொடக்கநிலை ஸ்பானிஷ். வணக்கம், நன்றி, என்ன விலை, எங்கே இருக்கிறது, புரியவில்லை, கொஞ்சம் மெதுவாகச் சொல்லுங்கள். இந்தச் சில வாக்கியங்களை வைத்துக்கொண்டு எவ்வளவு தூரம் போகலாம் என்பதை அந்த மலைச்சாலையில் பார்த்தேன். பார்த்த பிறகு ஸ்பானிஷ் படிக்க நினைக்கும் தமிழர் எல்லோரிடமும் சொல்லத் தோன்றுவது ஒன்றுதான்: ஆங்கிலத்தை நடுவில் உட்கார வைக்காதீர்கள். நமக்குக் கிடைக்கும் பாடநூல்களும் செயலிகளும் பெரும்பாலும் ஆங்கிலம் வழியாகவே ஸ்பானிஷைச் சொல்லித் தருகின்றன. ஆங்கிலம் பேசுகிறவருக்கு எது கடினமோ அதை நமக்கும் கடினம் என்று பக்கம் பக்கமாக விளக்குகின்றன. நமக்கு எது எளிதோ அதைச் சொல்லாமலே விட்டுவிடுகின்றன. ஏறத்தாழ 50 கோடிப் பேரின் தாய்மொழி, 20 நாடுகளின் ஆட்சிமொழி, நமக்கு இவ்வளவு பக்கத்தில் இருக்கிறது என்பதை யாரும் நம்மிடம் சொன்னதில்லை.

நெடுமங்காட்டில் இறங்கிச் சந்தைப் பக்கம் போனோம். எந்த நாட்டுக்குப் போனாலும் கடையில் கேட்கும் கேள்வியைத்தான் முதலில் கற்றுக்கொள்வேன் என்றார் டீச்சர். 'குவான்த்தோ வாலே?' என்பது அவருடைய ஊர் வழக்கு, 'குவான்த்தோ குவெஸ்தா?' என்றும் கேட்கலாம். இரண்டுக்கும் பொருள் 'என்ன விலை?'. மலையாளத்தில் 'எத்ர ரூபா?' என்று அவருக்குச் சொல்லிக் கொடுத்தேன். நேந்திரம்பழக் குலைக்கு முன்னால் நின்று அவர் அதைக் கேட்டபோது, இதே நெடுமங்காட்டுச் சந்தையை அவருக்குச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. ஒடுக்கப்பட்ட சாதியினர் இங்கே உள்ளே வந்து பொருள் வாங்க முடியாத காலம் இருந்தது. 1912இல் அய்யன்காளி தம் மக்களோடு சந்தைக்குள் நுழைந்தார். தடுத்தவர்களோடு மோதல் நடந்தது. என்ன விலை என்று கேட்க ஒரு தலைமுறை அடிபட்டிருக்கிறது. சுற்றுலாக் கையேட்டில் மூன்றாவது வரியாக வரும் அந்தக் கேள்வியை அதற்குப் பிறகு நான் வேறு மாதிரிதான் உச்சரிக்கிறேன்.

வித்துராவுக்கு ஆனவண்டியில் போனோம். கேரள அரசுப் பேருந்துக்கு மக்கள் வைத்த செல்லப் பெயர் அது. மருதாமலையில் இந்திய அறிவியல் கல்வி ஆராய்ச்சி நிறுவனத்தின் வளாகம் வந்த பிறகு இந்த வழித்தடத்தில் இந்தியும் வங்காளமும் தெலுங்கும் சாதாரணமாகக் காதில் விழுகின்றன. அவற்றோடு அன்று ஸ்பானிஷும்.

ஊருக்குள் ஒரு தேநீர்க்கடை. திருவனந்தபுரத்து மலையாளம் தனி ரகம். சேட்டன் என்பதற்குப் பதில் இங்கே அண்ணன்தான், 'என்ன' என்பதற்கு 'எந்தரு'. கடைக்காரர் எங்களுக்கு முன்னால் வந்தவரிடம் 'பின்னே எந்தரு?' என்று கேட்டார். ஊர்ப்பேச்சில் அதுதான் நலம் விசாரிப்பு, 'அப்புறம் என்ன?' என்று நாம் கேட்போமே, அது. டீச்சருக்கு அதை விளக்கினேன். அவர் சிரித்துக்கொண்டே, கொலம்பியாவிலும் இதே கேள்விதான் என்றார். 'கே மாஸ்?' என்பார்களாம். வேறென்ன என்று பொருள். பாடநூல் சொல்லித் தரும் 'கோமோ எஸ்தா?' ('எப்படி இருக்கிறீர்கள்?') எங்கேயும் செல்லும். ஆனால் 'ஓலா, கே மாஸ்?' என்று தொடங்கினால் கொலம்பியாக்காரர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார வைத்துவிடுவார்.

அவர் காப்பி கேட்ட விதத்தைக் குறித்து வைத்துக்கொண்டேன். 'மே ரெகாலா உன் தின்த்தோ?' சொல்லுக்குச் சொல் பார்த்தால் 'எனக்கு ஒரு கறுப்புக் காப்பி அன்பளிப்பாகத் தருகிறீர்களா?' என்றாகும். காசு கொடுத்துத்தான் குடிக்கிறார்கள். ஆனாலும் கேட்கும்போது அப்படிக் கேட்பதுதான் அவர்கள் ஊர் மரியாதை. ஸ்பெயினில் போய் 'தின்த்தோ' கேட்டால் சிவப்பு ஒயின் வந்துவிடும், அதையும் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். இங்கே கட்டன் காப்பி வந்தது, கண்ணாடித் தம்ளரில், கூடவே ஏத்தங்காய் அப்பம். டீச்சர் 'கிராசியாஸ்' என்றார். கடைக்காரர் தலையை மட்டும் ஆட்டினார். நம் பக்கம் கடையில் யாரும் நன்றி சொல்லிக்கொள்வதில்லை. முகத்தில் காட்டுவதோடு சரி. ஸ்பானிஷில் அப்படி விட முடியாது. தண்ணீர் வைத்தாலும் கிராசியாஸ், வழி சொன்னாலும் கிராசியாஸ், பேருந்தை விட்டு இறங்கும்போது ஓட்டுநருக்கும் கிராசியாஸ். பதிலுக்குப் பல நாடுகளில் 'தெ நாதா' ('பரவாயில்லை') என்பார்கள். கொலம்பியாவில் 'கோன் மூச்சோ குஸ்தோ' ('மிக்க மகிழ்ச்சியோடு'). தமிழர் ஸ்பானிஷ் பேசத் தொடங்கும்போது இந்தப் பழக்கத்தை வலிந்துதான் நாக்கில் ஏற்ற வேண்டும். மற்றதெல்லாம் அதைவிட எளிது.

ஒலியை எடுத்துக்கொள்ளுங்கள். ஆங்கிலம் பேசுகிறவர்கள் 'நாதா'வில் வரும் த-வுக்குத் திணறுவார்கள். அது நம் 'அது'வில் வரும் மெல்லிய த. 'அமீகோ' (நண்பர்) என்பதில் வரும் க, 'அகம்' என்பதில் வருவது போல இளகி ஒலிக்க வேண்டும். சொல்லின் முதலில் அழுத்தமாகவும் இரண்டு உயிர்களுக்கு நடுவில் இளகியும் ஒலிப்பது என்ற பழக்கம் ஸ்பானிஷுக்கும் இருக்கிறது, நமக்கும் இருக்கிறது. அவர்களுடைய த பல்லில் நாக்குப் படும் நம் த-தான். ஆங்கிலத்தின் ட அன்று. உயிரெழுத்துகள் ஐந்து மட்டுமே, எழுதியபடியே வாசிக்கலாம். முதலில் வரும் ஹகரத்துக்கு ஒலியே இல்லை, அதனால்தான் ஓலா.

ரகரமும் றகரமும் இன்னும் சுவையான விஷயம். 'பெரோ' என்றால் ஆனால். 'பெறோ' என்றால் நாய். 'காரோ' விலை அதிகம், 'காறோ' வண்டி. பள்ளியில் சின்ன ர, பெரிய ற என்று எழுத்து வேறுபாடாக மட்டும் நாம் படித்தது அங்கே பொருளையே மாற்றுகிறது. தமிழ்நாட்டின் பெரும்பகுதியில் பேச்சில் இந்த வேறுபாடு மங்கிவிட்டது. மலையாளத்தில் மங்கவில்லை, 1956 வரை திருவிதாங்கூரோடு இருந்த எங்கள் கன்னியாகுமரி மாவட்டப் பேச்சிலும் மங்கவில்லை. கரையையும் கறையையும் எங்கள் பாட்டிகள் தனித்தனியாகத்தான் சொன்னார்கள். அந்த நாக்கு எனக்கு வாய்த்திருந்ததால், 'எஸ் மூய் காரோ' ('விலை ரொம்ப அதிகம்') என்று நான் சொன்னதும் டீச்சருக்கு உடனே புரிந்தது. ஞகரமும் அப்படியே. நாளைக்கு என்பதற்கு 'மஞ்ஞானா'. 'மஞ்ஞு' என்று பனியைச் சொல்லும் பொன்முடிக்காரர்கள் இதை முதல் தடவையிலேயே சரியாகச் சொல்லிவிடுவார்கள்.

ஒரே ஒரு எச்சரிக்கை உண்டு. ஸ்பானிஷ் சொற்களைத் தமிழில் எழுதி வைத்து மனப்பாடம் செய்தால் சில இடங்களில் வழுக்கும். கொலம்பியாவின் நாணயம் 'பேசோ'. முத்தத்துக்கும் தமிழில் எழுதினால் 'பேசோ'தான். முன்னதில் 'பேனா'வின் ப, பின்னதில் 'பேட்டரி'யின் ப. இரண்டு என்ற எண்ணும் இருமலும் நம் எழுத்தில் ஒரே 'தோஸ்'. இவற்றைக் காதால்தான் பிடிக்க வேண்டும். கூச்சப்படாமல் 'மாஸ் தெஸ்பாசியோ, போர் ஃபவோர்' ('இன்னும் மெதுவாக, தயவுசெய்து') என்று கேட்டுவிடுவது நல்லது. புரியாவிட்டால் 'நோ என்தியெந்தோ'. இந்த இரண்டு வாக்கியங்களும் தெரிந்தவர் ஸ்பானிஷ் பேசும் எந்த ஊரிலும் வழிதவற மாட்டார்.

போணக்காட்டுச் சாலையில் கொஞ்ச தூரம் நடந்தே போனோம். டீச்சருக்கு வழிநெடுகத் தெரிந்த முகங்கள்! மரச்சீனி, அதாவது மரவள்ளிக் கொல்லையைப் பார்த்ததும் 'யூக்கா!' என்று நின்றார். அவர்கள் ஊர்ச் சாப்பாடு அது. 1880களில் விசாகம் திருநாள் மகாராஜா இந்தப் பயிரைத் திருவிதாங்கூர் முழுக்கப் பரப்பினார். அரிசி கிடைக்காத காலங்களில் இந்தக் கிழங்குதான் இங்கே வயிற்றைக் காத்தது. அன்னாசி அவருக்கு 'பீஞா', பப்பாளி அவருக்கும் 'பப்பாயா', கொய்யா 'குவாயாபா'. எல்லாம் அமெரிக்கக் கண்டத்திலிருந்து கப்பலேறி வந்தவை. ரப்பர் மரங்களின் முன்னால் மட்டும் அவர் குரல் மாறியது. 'காவுச்சோ' என்றார். கொலம்பியாவில் அது சும்மா ஒரு மரத்தின் பெயர் அன்று. அமேசான் காடுகளில் ரப்பர் பால் எடுக்கப் பழங்குடியினரைக் கொன்று குவித்த வரலாறு அந்தச் சொல்லுக்குள் இருக்கிறது. ஹோசே எவுஸ்தாசியோ ரிவேரா 1924இல் அதை 'லா வொராஹினே' என்ற நாவலாக எழுதினார். அங்கே பள்ளிப் பிள்ளைகளுக்கும் அந்த நாவலைத் தெரியும். ரப்பர் ஷீட் காயப்போட்டிருந்த ஒரு வீட்டு முற்றத்தைப் பார்த்தபடி அவர் இதைச் சொன்னார். அந்த வீட்டுக்கு ரப்பர் என்றால் பிள்ளைகளின் பள்ளிக் கட்டணம். ஒரே மரம்தான்.

மரத்தில் படர்ந்த மிளகுக்கொடியிடம் வந்தபோது இருவரும் கொஞ்ச நேரம் அதிலேயே நின்றுவிட்டோம். மிளகு ஸ்பானிஷில் 'பிமியென்த்தா'. இதைத் தேடித்தான் கொலம்பஸ் 1492இல் மேற்கே பாய் விரித்தார். அவர் போய்ச் சேர்ந்த இடத்தில் மிளகு இல்லை. காரமான வேறொரு காய் இருந்தது. ஸ்பானியர் அதற்கு மிளகின் பெயரையே கொஞ்சம் மாற்றி 'பிமியென்த்தோ' என்று வைத்தார்கள். அந்தக் காய் நம்மிடம் வந்து சேர்ந்தபோது நாமும் அதையேதான் செய்தோம்: மிளகிலிருந்து மிளகாய். இரண்டு மொழிகளும் ஒன்றையொன்று கேட்காமலே ஒரே முடிவுக்கு வந்திருக்கின்றன. கொலம்பியாவில் மிளகாய்க்கு 'அஹீ' என்பதுதான் பேச்சுவழக்கு. டீச்சருக்குக் காரம் ஆகாது. 'நோ மூய் பிக்கான்த்தே, போர் ஃபவோர்' ('காரம் அதிகம் வேண்டாம்') என்ற வாக்கியத்தை எனக்குச் சொல்லிக் கொடுத்து, அதைக் கடைகளில் மலையாளத்தில் சொல்லும்படி கேட்டுக்கொண்டார்.

'கே எஸ் எஸ்தோ?' ('இது என்ன?') என்று விரல் நீட்டிக் கேட்டால் பாதி மொழியைக் கற்றுவிடலாம். இந்த மலைகளில் அந்தக் கேள்விக்கு ஒரு வரலாறே உண்டு. 1987இல் அகஸ்திய மலைக்கு வந்த ஆய்வாளர்கள் நடந்து களைத்தபோது, வழிகாட்டி வந்த காணி இளைஞர்கள் ஏதோ ஒரு சிறு காயைத் தின்றுகொண்டு களைப்பே தெரியாமல் நடந்தார்கள். இது என்ன என்று ஆய்வாளர்கள் கேட்டார்கள். காணிகள் உடனே சொல்லிவிடவில்லை. அது அவர்கள் குலத்துக்குள் காத்த அறிவு. பிறகு சொன்னார்கள்: ஆரோக்கியப்பச்சை. பாலோட்டு நிறுவனம் அதிலிருந்து 'ஜீவனி' என்ற மருந்தை உருவாக்கி, தயாரிக்கும் உரிமையைக் கோயம்புத்தூர் ஆரிய வைத்திய பார்மசிக்குக் கொடுத்தது. கிடைத்த தொகையில் பாதி காணிகளுக்கு என்று முடிவாயிற்று. பழங்குடி அறிவுக்குப் பங்கு தந்த முன்மாதிரியாக இதை உலகம் பேசியது. காணிகளின் பேச்சு தமிழும் மலையாளமும் கலந்தது. வித்துராக்காரர்களுக்கும் புரியும், எனக்கும் புரியும். டீச்சர் இந்தச் செடிக்காகத்தான் பாலோட்டுக்கு வந்தார். கேட்பது எளிது, பதில் சொல்கிறவருக்கு என்ன திரும்பக் கிடைக்கிறது என்பதையும் சேர்த்துக் கேட்க வேண்டும் என்றார். அவர் நாட்டுக் காடுகளிலும் இதே பிரச்சினைதான்.

மீதித் தூரத்துக்குப் பேருந்து கிடைத்தது. குலுங்கலில் இலக்கணம் பேசினோம். ஆங்கில வழிப் பாடநூல் கற்பவரை அதிகம் பயமுறுத்தும் இடம் 'மே குஸ்தா'. காப்பி பிடிக்கும் என்பதற்கு ஸ்பானிஷ்காரர் 'மே குஸ்தா எல் கஃபே' என்பார். இதில் காப்பிதான் எழுவாய், 'மே' என்பது 'எனக்கு'. ஆங்கிலத்தில் இப்படி ஒரு அமைப்பு இல்லாததால் நூல்கள் தலைகீழாக நின்று விளக்குகின்றன. நமக்கு என்ன விளக்கம் வேண்டும்? எனக்குக் காப்பி பிடிக்கும். அவ்வளவுதான். 'மே துவேலே லா கபேசா': எனக்குத் தலை வலிக்கிறது. 'மே ஆசே ஃபால்த்தா': எனக்கு வேணும், அது இல்லாமல் முடியாது. 'நானும்' என்பதற்கு 'யோ தம்பியேன்'. 'எனக்கும்' என்பதற்கு 'அ மீ தம்பியேன்'. எங்கே எதைச் சொல்வது என்று ஆங்கிலம் வழியாகப் படிப்பவர்கள் வருடக்கணக்கில் குழம்புகிறார்கள். தமிழர் ஒரு நொடி தமிழில் நினைத்தால் போதும், சரியானது தானே வரும்.

'நான்' என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை என்பதும் நமக்குப் பழக்கம்தான். 'ஆப்லோ' என்றால் பேசுகிறேன், 'ஆப்லாஸ்' பேசுகிறாய், 'ஆப்லாமோஸ்' பேசுகிறோம். வினையின் வாலிலேயே ஆள் இருக்கிறார். மலையாளம் இந்த விகுதிகளை விட்டுவிட்டது. எல்லோருக்கும் ஒரே 'வந்நு'. அதனால் இந்த ஒரு விஷயத்தில் வித்துராக்காரரைவிடத் தமிழருக்கு வசதி அதிகம். நீ, நீங்கள் என்ற வேறுபாடும் இருக்கிறது: 'தூ', 'உஸ்தேத்'. தெரியாதவரிடம் உஸ்தேத் சொல்லுங்கள், ஒருபோதும் தவறாகாது. பொகோத்தாவில் நெருங்கியவர்களிடம்கூட உஸ்தேத்தான் அதிகம். ஆங்கிலத்தின் 'இரு' ஸ்பானிஷில் இரண்டாகப் பிரியும். 'சோய் ப்ரொஃபெசோரா' என்பது 'நான் ஆசிரியை'. தமிழில் அங்கே வினையே வேண்டாம். 'எஸ்தோய் கன்சாதா' என்பது 'களைப்பாக இருக்கிறேன்'. நாம் 'இருக்கிறேன்' போடும் இடத்தில் பெரும்பாலும் 'எஸ்தோய்', போடாத இடத்தில் 'சோய்'. எல்லா இடத்திலும் இது பொருந்தாது: 'உயரமாக இருக்கிறாள்' என்பதற்கு அவர்கள் 'எஸ் ஆல்த்தா' என்று மற்றதைத்தான் போடுவார்கள். ஆனாலும் தொடங்குகிறவருக்கு இதைவிட நல்ல கைப்பிடி கிடைக்காது. 'தோந்தே எஸ்தா எல் பாஞ்ஞோ?' ('கழிப்பறை எங்கே இருக்கிறது?') என்ற அவசரமான வாக்கியத்தில் 'எஸ்தா' ஏன் வருகிறது என்று பிறகு யாரும் கேட்க மாட்டார்கள்.

இதே 'எனக்கு'வில் இடறிய ஒருவரை எங்கள் ஊரில் எல்லோருக்கும் தெரியும். கோட்டாறு சவேரியார். நவார் நாட்டுக்காரர், தாய்மொழி பாஸ்க், கடிதங்களை ஸ்பானிஷிலும் போர்த்துகீசிலும் எழுதினார். 1542இல் முத்துக்குளித்துறைக்கு வந்தபோது அவருக்குத் தமிழ் ஒரு சொல்லும் தெரியாது. தெரிந்தவர்களை உட்கார வைத்து மன்றாட்டுகளைத் தமிழாக்கி, மனப்பாடம் செய்து, தெருவில் மணியடித்துப் பிள்ளைகளைக் கூட்டிச் சொல்லிக் கொடுத்தார். 'விசுவசிக்கிறேன்' என்று வர வேண்டிய இடத்தில் 'எனக்கு வேணும்' என்று மொழிபெயர்ப்பு அமைந்துவிட்டது. 1544இல் தம்மோடு பணிசெய்த மன்சிலாசுக்கு எழுதிய கடிதத்தில், இனி 'வேணும்' என்று சொல்லாதீர்கள், 'விசுவாசம்' என்று சொல்லுங்கள் என்று அவரே திருத்துகிறார். அந்த இரண்டு ஆண்டுகளில் கடற்கரைப் பிள்ளைகள் கடவுளை வேணும், வேணும் என்று சொல்லிக்கொண்டிருந்திருப்பார்கள். டீச்சர் கத்தோலிக்கர், இதைக் கேட்டதும், அந்தப் பிழையில் ஒரு குறையும் இல்லை என்றார். எனக்கும் அப்படித்தான் படுகிறது. ஆனால் கேட்டுக்கேட்டுத் தன்னைத் திருத்திக்கொண்ட அந்தப் பழக்கத்தைத்தான் மொழி கற்கிறவர் அவரிடம் எடுத்துக்கொள்ள வேண்டும்.

போணக்காடு நொடித்துப்போன தேயிலை எஸ்டேட். வெள்ளைக்காரர் காலத்தில் தமிழ்நாட்டிலிருந்து கூட்டி வந்த தொழிலாளிகளின் பேரப்பிள்ளைகள் இன்னும் லயங்கள் எனும் வரிசை வீடுகளில் இருக்கிறார்கள். ஆலை ஓய்ந்து பல வருடங்களாகின்றன. கொடுபடாத கூலியைப் பற்றிப் பேசாமல் இங்கே எந்தப் பேச்சும் முடிவதில்லை. திண்ணையில் ஒரு பாட்டி உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்து, 'எந்த ஊரு தம்பி?' என்றார். நாகர்கோவில் என்றேன். டீச்சரைக் காட்டி, 'அவுக?' என்றார். 'சோய் தெ கொலோம்பியா' என்று டீச்சரே பதில் சொல்லிவிட்டார். எங்கிருந்து என்று கேட்கும் கண்ணை எந்த மொழியிலும் புரிந்துகொள்ளலாம். அவர் காப்பித் தோட்டத்தில் வளர்ந்தவர் என்றதும் பாட்டிக்கு ஆளைப் பிடித்துவிட்டது. தோட்டத்து வேலை என்ன செய்யும் என்று காட்டுவது போல முழங்காலைத் தடவி, 'மூட்டெல்லாம் வலிக்குது தாயி' என்றார். 'லெ துவேலென் லாஸ் ரோதியாஸ்' என்று நான் சொன்னேன். டீச்சர் தம் முழங்காலைத் தொட்டு, 'அ மீ தம்பியேன்' என்றார். 'எனக்குந்தான்' என்று நான் தமிழாக்குவதற்கு முன்பே பாட்டி, 'உனக்குமா!' என்று கேட்டுவிட்டார்.

டீச்சர் கைப்பேசியை எடுத்தார், ஆனால் தூக்கவில்லை. 'லெ புவேதோ தொமார் உனா ஃபோத்தோ?' என்று பாட்டியின் முகத்தைப் பார்த்தே கேட்டார். உங்களைப் படம் எடுத்துக்கொள்ளலாமா என்று நான் சொன்னேன். பாட்டி, 'இந்தச் சேலையோட வேண்டாம்' என்று எழுந்து உள்ளே போனார். நாங்கள் காத்திருந்தோம். பச்சைக் கரை போட்ட சேலை கட்டி, தலை வாரி, நெற்றியில் திருநீறு இட்டு வந்து, அதே திண்ணையில் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

'புவேதோ?' ('நான் செய்யலாமா?') என்பதைத் தொடக்கநிலைப் பாடத்தில் முதல் பக்கத்தில் வைக்க வேண்டும் என்பேன். அதற்கு எனக்கு ஒரு காரணம் உண்டு. ஸ்பானிஷ் கவிதை என்றதும் நாம் முதலில் சொல்லும் பெயர் பாப்லோ நெருடா. 1929இல் அவர் சிலி நாட்டுத் தூதரக அதிகாரியாகக் கொழும்பில், வெள்ளவத்தையில் இருந்தார். அவர் வீட்டுக் கழிவறையைச் சுத்தம் செய்ய வந்த தமிழ்ப் பெண்ணை வன்புணர்ந்ததை, அவர் இறந்த பிறகு 1974இல் வெளிவந்த நினைவுநூலில் அவரே எழுதியிருக்கிறார். அவளோடு பேசத் தம்மிடம் மொழி இல்லை என்றும் அதில் எழுதியிருக்கிறார். 2018இல் சாந்தியாகோ விமான நிலையத்துக்கு அவர் பெயரை வைக்கும் முயற்சியைச் சிலியின் பெண்கள் எதிர்த்ததற்கு இதுவும் காரணம். அது மொழி இல்லாததால் நடந்தது அல்ல. அவள் மறுப்பைப் புரிந்துகொள்ள மொழி வேண்டியதில்லை. ஆனால் ஸ்பானிஷும் தமிழும் சந்தித்த இடங்களைத் தேடிப் போகும் எவரும் அந்தப் பெயர் தெரியாத பெண்ணைக் கடக்காமல் போக முடியாது. போணக்காட்டுத் திண்ணையில் டீச்சர் அந்தச் சொல்லைக் கேட்டதையும், பாட்டி தன் விருப்பப்படி பதில் சொன்னதையும் பார்த்தபோது எனக்கு அவள் நினைவுதான் வந்தது. டீச்சரிடம் அதைச் சொன்னேன். அவருக்கும் தெரிந்திருந்தது.

விடைபெறும்போது பாட்டி, 'சாப்டியா தாயி?' என்று கேட்டார். இதை மொழிபெயர்க்க எனக்கு யோசனையே தேவைப்படவில்லை. கொலம்பியாவில் மதியத்துக்கு மேல் யாரைப் பார்த்தாலும் 'யா அல்மோர்சோ?' என்பார்கள்: 'மதியம் சாப்பிட்டாச்சா?' சாப்பிடவில்லை என்றால் விட மாட்டார்கள். இங்கேயும் விடவில்லை. மரச்சீனிக் கிழங்கும் காந்தாரி மிளகாய்ச் சம்மந்தி என்ற துவையலும் வந்தன. 'பிக்கான்த்தே' என்று நான் எச்சரித்தேன். டீச்சர் கண்ணில் நீர் வரச் சாப்பிட்டு, 'மூய் ரீக்கோ' ('ரொம்ப ருசி') என்றார். கிளம்பும்போது பாட்டி 'நல்லபடியா போய்ட்டு வா' என்றதற்கு, டீச்சர் ஊரில் அந்த இடத்தில் சொல்வது 'கே லெ வாயா பியேன்'. 'ஆதியோஸ்' என்பது எல்லோருக்கும் தெரியும். இதைக் கற்றுக்கொள்வது நல்லது.

சாயங்காலம் வித்துராவுக்குத் திரும்பினோம். சாலையோரம் ஒரு வெட்டவெளியில் பையன்கள் பந்து விளையாடிக்கொண்டிருந்தார்கள். பாதிப்பேர் வெளிர்நீல வெள்ளைக் கோட்டுச் சட்டையில். கேரளத்துக்கும் அர்ஜென்டினாவுக்கும் உள்ள உறவைத் தமிழ்நாட்டில் இருப்பவர்களுக்கு விளக்குவது கஷ்டம். 2022 உலகக் கோப்பையின்போது கோழிக்கோட்டுப் புல்லாவூரில் ஆற்றுக்கு நடுவே மெஸ்ஸிக்குக் கட்அவுட் வைத்தார்கள். கோப்பையை வென்றபின் அர்ஜென்டினக் கால்பந்துச் சங்கம் நன்றி சொன்ன ஊர்களில் கேரளத்தின் பெயரும் இருந்தது. டீச்சர் ஸ்பானிஷ் பேசுகிறவர் என்று தெரிந்ததும் ஆட்டம் நின்றது. கொலம்பியா என்றதில் கொஞ்சம் ஏமாற்றம்தான். ஆனால் மெஸ்ஸியின் மொழி என்று நான் சொன்னதும் சூழ்ந்துகொண்டார்கள். 'வாமோஸ்!' ('போவோம்!') என்று எல்லோருக்கும் தெரிந்திருந்தது. பெயர் சொல்வதற்கு 'மே யாமோ' என்று டீச்சர் சொல்லிக் கொடுக்க, ஒவ்வொருவனும் நெஞ்சில் கைவைத்துத் தன் பெயரைச் சொன்னான். ஒவ்வொருவனுக்கும் அவர் 'மூச்சோ குஸ்தோ' ('சந்தித்ததில் மகிழ்ச்சி') என்று கைகொடுத்தார்.

மெஸ்ஸி கேரளத்துக்கு வருவார் என்ற பேச்சு அவர்கள் நடுவில் ஓயாமல் ஓடிக்கொண்டிருந்தது. வந்தால் முதலில் என்ன சொல்வது என்று ஒருவன் கேட்டான். 'பியென்வெனீதோ அ வித்துரா' ('வித்துராவுக்கு நல்வரவு') என்றார் டீச்சர். அவன் கைப்பேசியில் மலையாள எழுத்தில் அடித்துக்கொண்டான். கோல் காப்பவன், வயதில் மூத்தவன், கொஞ்சம் யோசித்துவிட்டு, அது போதாது என்றான். எங்களுக்கு ஒரு கிரவுண்டு வேணும் என்பதை எப்படிச் சொல்வது?

'நோஸ் ஆசே ஃபால்த்தா உனா கான்ச்சா.'

அவன் இரண்டு முறை திருப்பிச் சொல்லிப் பார்த்தான். 'நோஸ்' என்றால் எங்களுக்கு என்று நான் விளக்கினேன். அப்புறம் கல்லும் முள்ளுமாகக் கிடந்த தரையைக் காலால் தேய்த்துக்கொண்டே, புல் உள்ள கிரவுண்டு என்று சொல்ல வேண்டும், அதற்கு என்ன என்று கேட்டான்.